பின்கட்டில் பெற்றோருக்கு ஓர் இருப்பிடம்: கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சிட்னியில் வசிக்கும் என் சித்தப்பா மகன், தன் கொல்லையில் மாமியாருக்காகக் கட்டிய சிறிய வீட்டின் படங்களை அனுப்பி, "அண்ணே, பெரியம்மாவுக்கு நீங்களும் இப்படி ஒன்று கட்டிவிடலாமே" என்று எழுதியிருந்தார். அங்கே அதற்குக் கிரேனி ஃபிளாட் என்று பெயர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் விரைவு அனுமதி முறையில் அதைக் கட்ட வேண்டுமானால் மனை 450 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. கட்டும் வீடு 60 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. கோலாலம்பூரில் நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் தொடர்வீட்டின் மனையோ இருபதுக்கு அறுபத்தைந்து, அதாவது 1,300 சதுர அடி. மீட்டர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 121 சதுர மீட்டர். நாற்பதுக்கு எண்பது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இணை வீடு கூட 300 சதுர மீட்டரை எட்டுவதில்லை. ஆகவே தம்பியின் படங்களைப் பார்த்து மகிழலாமே தவிர, அவருடைய கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து போட முடியாது.

நமக்குக் கைகூடக்கூடியது வேறொன்று. வீட்டின் பின்புறத்திலோ, மூலை வீடானால் பக்கவாட்டிலோ, தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, அதனோடு சேர்ந்த குளியலறை, தேநீர் போட்டுக்கொள்ள ஒரு சின்ன அடுப்படி, வெளியே போய்வரத் தனிக் கதவு என்று கட்டிக்கொள்ளும் இணைப்புக் கட்டடந்தான் அது. நம் முன்னோர் முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் பிரித்து வழங்கியதால், இதைப் பின்கட்டு என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் உள்ள என் மூலை வீட்டில் அம்மாவுக்காக ஒன்றைக் கட்டி முடித்த அனுபவத்தில், கட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் எந்த வரிசையில் எதைக் கணக்கிட வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பின்கட்டு ஒரு முதலீடு அன்று. போட்ட பணம் வீட்டை விற்கும்போது முழுவதுமாகத் திரும்பி வரும் என்று எவரேனும் சொன்னால், அவர் பெரும்பாலும் அதைக் கட்டித் தரும் குத்தகையாளராக இருப்பார். அதன் பயன் அதில் பெரியவர்கள் வாழப்போகும் மாதங்களில்தான் இருக்கிறது. எனவே செலவையும் மாதக் கணக்கில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கட்டுவதற்கு முன், கட்டாமலே முடியுமா என்று பார்த்துவிடுவது நல்லது. இரட்டை மாடித் தொடர்வீடுகள் பலவற்றில் கீழ்த்தளத்தில் சமையலறைக்கு அருகே ஒரு சிறிய அறை உண்டு. பழைய பெட்டிகள், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பாத்திரங்கள், ஓடாத தையல் இயந்திரம் ஆகியவற்றுக்கு அதைத் தாரை வார்த்திருப்போம். அதைக் காலி செய்து, பக்கத்திலுள்ள கழிப்பறையின் கதவை அகலப்படுத்தி, வழுக்காத ஓடு பதித்து, சுவரில் கைப்பிடிகளைப் பொருத்தினால், பின்கட்டுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே வேலை முடிந்துவிடும். அம்மாவுக்கு வேண்டியது மாடி ஏறாமல் உறங்க ஓர் இடம் மட்டுமே என்றால் இதுவே போதும். பெற்றோர் இருவருக்குமாகத் தனிச் சமையல் வேண்டும், காலை நான்கு மணிக்கே எழுந்து சாமி படத்துக்கு விளக்கேற்ற வேண்டும், மருமகளின் அடுப்படியில் கைவைக்கத் தயங்க வேண்டியிராத ஓர் இடம் வேண்டும் என்றால்தான் பின்கட்டைப் பற்றிய பேச்சே எழ வேண்டும். இதைப் பெரியவர்களிடமே நேராகக் கேட்டுவிட வேண்டும். "பின்னால் தள்ளிவிட்டார்கள்" என்று உறவுக்காரர்கள் பேசுவார்களோ என்று நாம் அஞ்சிக்கொண்டிருக்க, அவர்களோ தனி வாசல் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கக்கூடும். மாறாக, நாம் ஆசை ஆசையாகத் திட்டமிட, அவர்களுக்குத் தாம் குடியிருக்கும் செந்தூல் அடுக்குமாடியையும் அங்குள்ள அண்டை வீட்டாரையும் விட்டு வர மனமே இல்லாமலும் இருக்கலாம்.

கட்டுவது என்று முடிவானால், வரைபடம் போடுவதற்கு முன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கவாட்டுச் சிமெண்டுத் தரையில் பன்னிரண்டு அடிக்கு இருபத்திரண்டு அடி என்று கோடு போட்டு, கட்டில் வரும் இடத்தில் பழைய மெத்தையை விரித்து, குளியலறை வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தேன். இரவல் வாங்கி வந்த சக்கர நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துக் கோட்டுக்குள் தள்ளிப் பார்த்தபோது, கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே அது திரும்பவே இல்லை. "இன்றைக்கு நான் நடக்கிறேன், இது எதற்கு?" என்று அம்மா அலுத்துக்கொண்டார். ஆனால் பின்கட்டு இன்றைய நடைக்காகக் கட்டப்படுவதில்லை. பத்து ஆண்டு கழித்து வரப்போகும் நடைக்காகக் கட்டப்படுகிறது. சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கதவு திறந்த நிலையில் வழி 900 மில்லிமீட்டர் அகலமாவது இருத்தல் நலம். சரிவுப் பாதை, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. இவற்றைப் பிறகு திருத்த முயன்றால் சுவரை உடைக்க வேண்டிவரும்; கோட்டை அழித்துப் போடச் செலவே இல்லை.

அடுத்தது அனுமதி. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, உள்ளூராட்சியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தக் கட்டடத்தையும் எழுப்பவோ விரிவாக்கவோ கூடாது. கோலாலம்பூருக்குள் அது மாநகர் மன்றம்; பினாங்கிலானால் தீவுக்கு ஒரு மாநகர் கழகமும் செபராங் பிறைக்கு ஒரு மாநகர் கழகமும் உண்டு. கட்டடக் கலைஞரோ, பொறியாளரோ, மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற கட்டட வரைவாளரோ வரைபடத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். சிறு இணைப்புகளுக்குப் பதிவு பெற்ற வரைவாளரே போதும், கட்டணமும் குறைவு. "பின்னால்தானே கட்டுகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று ஆறுதல் சொல்லும் குத்தகையாளர்கள் ஏராளம். அண்டை வீட்டார் பார்ப்பார்கள். அவர் சுவரில் விரிசல் விழுந்த அன்றோ, உங்கள் கூரை நீர் அவர் முற்றத்தில் கொட்டிய அன்றோ புகார் போகும். அனுமதியில்லாத கட்டடத்தை இடிக்கச் சொல்லும் அதிகாரம் அதே சட்டத்தில் இருக்கிறது.

அளவு விதிகளையும் தெரிந்துகொள்வது பயன் தரும். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி வாழ்விட அறையின் கூரை உயரம் இரண்டரை மீட்டருக்குக் குறையக்கூடாது. சன்னல்களின் மொத்தப் பரப்பு அறைத் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதில் பாதி அளவுக்குக் காற்று தடையின்றி வந்துபோகத் திறப்பு வேண்டும். தொடர்வீட்டின் நடு வீடுகளில் பின்கட்டுத் திட்டங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மனையின் கடைசி அங்குலம் வரை கட்டிவிட்டால் சன்னல் வைக்க வெளியே இருக்காது. புதிய அறை வெளிச்சத்தைப் பெறும் அதே வேளையில் பழைய சமையலறை இருட்டறையாகிவிடும். சமையலறைக்குக் குறைந்தது 4.5 சதுர மீட்டர் வேண்டும். என் முதல் படத்தில் அடுப்படியும் குளியலறையும் ஆறுக்கு எட்டு அடி என்று சமமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆறுக்கு எட்டு என்றால் 48 சதுர அடி, அதாவது 4.46 சதுர மீட்டர். நான்கு விரல்கடை அளவுகூட இல்லாத அந்தக் குறையைக் கண்டுபிடித்த வரைவாளர், நடுச் சுவரை மூன்று அங்குலம் குளியலறைப் பக்கம் தள்ளி வைத்தார். மன்றத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்க வேண்டிய படம் அந்த மூன்று அங்குலத்தால் ஒரே தடவையில் நிறைவேறியது.

வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் எங்கே இருக்கின்றன என்பதையும் படம் போடுமுன் கண்டறிய வேண்டும். பழைய தாமான்களில், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளில், குழாய் பின்சந்தை ஒட்டியோ, சில வேளைகளில் மனைக்குள்ளேயோ ஓடும். மேன்ஹோலின் மீது கட்டக்கூடாது. அதை ஓட்டுக்கு அடியில் புதைத்துவிட்டுப் பின்னர் அடைப்பு ஏற்படும்போது புதுத் தரையை உடைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். காவல் வைத்த வேலியிட்ட குடியிருப்பாக இருந்தால், அல்லது மனைக்குத் தனிக் கிராண்ட் (நிலப் பட்டா) இல்லாமல், பொது நிலத்தில் தன் பகுதிக்கு மட்டுமான ஸ்ட்ராட்டா உரிமை இருந்தால், நிர்வாகத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும். அது கிடைக்காத இடங்களும் உண்டு என்பதால் ஒரு காசும் செலவழிக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். இதைப் பற்றி நான் சற்று நீட்டியே எழுத வேண்டும். காரணம் இதில் ஒரு முறை சூடுபட்டவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டில் சமையலறையை ஆறடி பின்னால் நீட்டினேன். குத்தகையாளர் பழைய தூணில் துளையிட்டு இரும்புக் கம்பியைச் செருகி, புதிய உத்திரத்தை அதனோடு பிணைத்து, "இனி இரண்டும் ஒரே வீடு" என்றார். இரண்டாவது ஆண்டு நவம்பர் மழையில், பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் கூரையிலிருந்து தரை வரை ஒரு கோடு தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கோட்டுக்குள் இருபது காசு நாணயம் நுழைந்தது. அதன் வழியே வந்த நீர், அலமாரியில் இருந்த பருப்பு டப்பாக்களை எல்லாம் நனைத்தது.

நடந்தது இதுதான். பழைய வீடு கட்டி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டதால், அது அமிழ வேண்டிய அளவுக்கு அமிழ்ந்து அடங்கிவிட்டது. புதிய பகுதியோ, தோண்டி நிரப்பிய மண்ணின் மீது ஆழமில்லாத அடித்தளத்தில் நின்று, அப்போதுதான் அமிழத் தொடங்கியது. இரண்டையும் கம்பியால் கட்டிப் போட்டால், அமிழும் பகுதி அடங்கிய பகுதியை இழுக்கும். இழுபடும் இடம் பிளக்கும். சுங்கை பீசி, பூச்சோங், ஸ்ரீ கெம்பாங்கான் போன்ற இடங்களில் ஈயச் சுரங்கங்கள் இருந்த நிலங்களின் மீதே தாமான்கள் எழுந்திருப்பதால், அங்கே இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கிள்ளானிலும் செபராங் பிறையின் கடலோரப் பகுதிகளிலும் மென்மையான களிமண். இதற்குத் தீர்வு, புதிய பகுதியைத் தனித் தூண்களில், தேவையானால் சிறு பைல்களை (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களை) இறக்கி, தன் காலில் நிற்க வைப்பதும், பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு அதை இளகும் பூச்சால் அடைத்து, மேலே தகட்டால் மூடுவதுமே ஆகும். அப்போது புதியது அமிழ்ந்தாலும் பழையதை இழுக்காது. பைல் வேண்டுமா, எவ்வளவு ஆழம் என்பதை மேக்கிந்தோஷ் ப்ரோப் என்னும் எளிய கம்பிச் சோதனையால் ஒரே நாளில் பொறியாளர் அறிந்து சொல்லிவிடுவார். அதற்கு ஆகும் தொகை, பின்னால் விரிசலை அடைக்கச் செலவிடப் போவதைவிடப் பல மடங்கு சிறியது.

இப்போது செலவுக் கணக்கு. குத்தகையாளர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்வார்கள். அந்த விலை மொத்தச் செலவில் பாதியைத்தான் காட்டும் என்பதை என் கணக்கைக் கொண்டே விளக்குகிறேன். உங்கள் வட்டாரத்து விலைகளை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கு இருபத்திரண்டு, 264 சதுர அடி. சதுர அடிக்கு 200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்றால் 52,800 வெள்ளி. கேட்கும்போது கைக்கு எட்டும் தொகையாகத்தான் தோன்றும். அதன்மேல் பைலும் அடித்தளமும் 10,000. வரைபடம், பொறியாளர், மன்றக் கட்டணங்கள் 7,500. மின்சாரம் 4,500, ஒற்றை ஃபேஸ் இணைப்பில், உடனடி வெந்நீர்க் கருவியும் குளிர்சாதனமும் அடுப்பும் ஒரே வேளையில் ஓடுமா என்பதைப் பதிவு பெற்ற வயர்மேன் பார்த்துச் சொல்ல வேண்டும். கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் 4,000. கைப்பிடிகள், வழுக்காத ஓடு, உயரமான கழிப்பறைப் பீங்கான், சரிவுப் பாதை ஆகியவற்றுக்கு 5,200. குளிர்சாதனம், கட்டில், அலமாரி, சாமி மேடை 6,000. கூட்டினால் 90,000 வெள்ளி. எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கினால் 99,000. ஐம்பத்திரண்டாயிரத்தில் தொடங்கிய பேச்சு ஒரு லட்சத்தின் வாசலில் வந்து நிற்கிறது. எதிர்பாராத செலவு எதற்கு என்று கேட்காதீர்கள். என் வீட்டில் அது கறையானுக்குப் போனது.

இந்தத் தொகையை மாதக் கணக்காக்குவோம். 99,000 வெள்ளியை ஊழியர் சேமநிதியில் விட்டு வைத்திருந்தால் ஈவு கிடைத்திருக்கும். 2023-ஆம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடும் 2024-ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடும் அறிவித்தார்கள். 5.5 என்றே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,445, மாதத்துக்குச் சுமார் 454 வெள்ளி. இது நாம் இழக்கும் வருமானம். அடுத்து, வீட்டை விற்கும்போது பின்கட்டுக்காகக் கூடுதலாக 40,000 வெள்ளி கிடைக்கும் என்று கொண்டால், திரும்பி வராத தொகை 59,000. பெரியவர்கள் அதில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தால் மாதத்துக்கு 492 வெள்ளி. பராமரிப்புக்கும் கூடுதல் மின்கட்டணத்துக்கும் 100 வெள்ளி. ஆக மாதத்துக்கு ஏறக்குறைய 1,050 வெள்ளி. அதே பெரியவர்கள் நான்கு ஆண்டுகள் மட்டுமே இருப்பார்கள் என்றால் திரும்பாத தொகையின் மாதப் பங்கு 1,229 ஆக உயர்ந்து, மொத்தம் 1,780 வெள்ளியைத் தாண்டும். பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு ஒரு வீட்டை 1,300 வெள்ளி வாடகைக்கு எடுப்பதோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் கடந்த பிறகே பின்கட்டு மலிவாகிறது. முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாதம் 3,000 வெள்ளி கொடுக்க நேரும் குடும்பத்துக்கு இரண்டே ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடும். ஆயினும் பின்கட்டில் தாதியர் எவரும் இல்லை, பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும் என்பதையும் அதே தட்டில் வைத்து நிறுக்க வேண்டும். பெற்றோரின் வயதை இப்படிக் கணக்கில் போடுவது மனத்துக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. நானும் அந்தத் தாளை அம்மா கண்ணில் படாமல் மடித்து வைத்தேன். இருந்தாலும் எண்பத்தெட்டு வயதில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் அறுபத்தெட்டு வயதில் காலைச் சந்தைக்கு நடந்து போய்வருபவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கையே புரட்டிப் போடும். சேமநிதியின் வீட்டுத் திட்டத்தில் வீடு வாங்கவும் கட்டவும் பணம் எடுக்கலாம். இருக்கும் வீட்டைப் புதுப்பிக்கவோ நீட்டவோ அதில் இடமில்லை. 50 வயதை எட்டியவர்கள் ஒரு பகுதியையும், 55 வயதை எட்டியவர்கள் முழுவதையும், 2024-இல் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கில் பணம் உள்ளவர்கள் அதையும் அங்கிருந்து எடுக்கலாம். தனிநபர் கடனில் சொல்லப்படும் வட்டி பெரும்பாலும் தட்டை வட்டி, அதாவது நிலுவை குறைந்தாலும் தொடக்கத் தொகை முழுவதற்கும் போடப்படும் வட்டி. 90,000 வெள்ளிக்கு ஆறு விழுக்காட்டுத் தட்டை வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் எடுத்தால் வட்டி மட்டும் 27,000 வெள்ளி. மாதம் 1,950 கட்ட வேண்டும். உண்மையான வட்டி விகிதம் பதினொன்றை ஒட்டி வரும். அதே தொகையை வீட்டுக் கடனோடு சேர்த்து, குறையும் நிலுவையின் மீது 4.2 விழுக்காட்டில் ஐந்தே ஆண்டுகளில் அடைத்தால் வட்டி 10,000 வெள்ளிக்குள் அடங்கும். கடன் பத்திரத்துக்கான அரை விழுக்காடு முத்திரைத் தீர்வையையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் சேர்த்தாலும் இதுவே மலிவு. ஆனால் அதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை 675 என்று இனிமையாகத் தெரியும். வட்டி 31,000 வெள்ளியைத் தாண்டிவிடும்.

பலரும் பேசக் கூச்சப்படும் ஒன்றை இங்கே வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. பெற்றோர் தங்கள் அடுக்குமாடி வீட்டை விற்றோ, சேமநிதியை எடுத்தோ, மகன் வீட்டில் பின்கட்டுக் கட்டப் பணம் தரும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். கிராண்டில் பெயர் மகனுடையது. பின்கட்டுக்குத் தனிக் கிராண்ட் கிடையாது. மனையிலிருந்து பிரித்து அதை மட்டும் விற்கவும் முடியாது. நாளை மகன் உயில் எழுதாமல் இறந்துபோனால், 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்தில் மனைவிக்குக் கால் பங்கும், பிள்ளைகளுக்குப் பாதியும், பெற்றோருக்குக் கால் பங்கும் போகும். வீட்டை விற்றுப் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், தாம் பணம் போட்ட அறையில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை அந்தப் பெரியவர்களுக்குத் தானாக வந்துவிடாது. மறுபுறம், "அம்மாவின் பணம் முழுவதும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது" என்று தங்கைகள் மனம் வெதும்புவதும் நடக்கிறது. எவ்வளவு பணம், அது கொடையா கடனா, அவர்கள் காலத்துக்குப் பின் அந்தத் தொகையைப் பிள்ளைகள் எப்படிப் பகிர்வார்கள், வீடு விற்கப்பட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்பவற்றை, எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்கும் ஒரு நாளில் பேசி, வழக்கறிஞர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மகனும் அன்றே உயில் எழுதிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கியவர் என் மனைவிதான். அம்மா தன் பணத்திலிருந்து ஒரு காசும் போட வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தோம். செந்தூல் வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது. அதன் வாடகை அவர் கைச்செலவுக்குப் போகிறது.

விற்பனை மதிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும்போது, அவர் கேட்கும் முதல் காகிதம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். அது இல்லாவிட்டால் நீங்கள் ஒரு லட்சம் போட்ட அறை அவருடைய அறிக்கையில் இடம்பெறாமலே போகலாம். முதியவர்களைக் கூட்டி வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பம் வாங்க வந்தால் தரைத்தளக் குளியலறையோடு கூடிய அறைக்கு மனமுவந்து கூடுதல் விலை தரும். மகிழுந்து நிறுத்த இடமும் கொஞ்சம் தோட்டமும் தேடி வருபவருக்கு அதே அறை குறையாகப்படும். மூலை வீட்டின் பக்கவாட்டு நிலம் முழுவதையும் கட்டி நிரப்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மலேசியக் குடிமக்கள் வாங்கிய ஆறாம் ஆண்டு முதல் விற்கும் வீட்டுக்கு, 2022 முதல் சொத்து ஆதாய வரி இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் விற்க நேர்ந்தால் பின்கட்டுக்கான செலவை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம் என்பதால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு உயர்வதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் மதிப்பீட்டு வரியும் கூடக்கூடும். தீக் காப்புறுதியின் தொகையையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். பழைய அளவுக்கே காப்புறுதி இருந்தால், நட்டஈடும் அதற்கேற்பக் குறைத்தே தரப்படலாம்.

குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டிய ஓர் இணைப்பை நேரில் போய்ப் பாருங்கள். சென்ற மாதம் முடித்த வேலை எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். பணத்தை வேலைப் படிகளுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: அடித்தளம் முடிந்ததும் இவ்வளவு, கூரை ஏறியதும் இவ்வளவு, மின்சாரமும் குழாயும் சோதிக்கப்பட்டதும் இவ்வளவு என்று. தொடக்கத்திலேயே பாதித் தொகையைக் கேட்பவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பொருளில்லை. கடைசி ஐந்து விழுக்காட்டை ஆறு மாதங்களுக்கு நிறுத்தி வைக்கும் விதியையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதங்களுக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் கனத்த மழைக்காலங்களான சித்திரையோ ஐப்பசியோ ஒன்றாவது வந்துபோகும்படி வேலையைத் தொடங்கும் மாதத்தைப் பார்த்து வையுங்கள்.

எங்கள் பின்கட்டு ஆவணி மாதம் முடிந்தது. நவம்பரில் தொடர்ந்து நான்கு நாள்கள் மழை பெய்தபோது, ஒவ்வோர் இரவும் கைவிளக்கோடு போய், தகட்டுக்கு அடியில் இருந்த அந்த ஓர் அங்குல இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தேன். நான்காம் இரவு அம்மா உள்ளிருந்தபடியே, "காய்ந்துதான் இருக்கிறது, போய்ப் படு" என்றார். மீதி ஐந்து விழுக்காட்டுக்கான காசோலையை மாசியில் எழுதினேன்.